அந்தத் தெருவிளக்கு எந்தத் தெருவில் இருந்தது?

(திருத்துறைப்பூண்டியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எட்டாம் வகுப்பில் ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதாமல் போனேன். வீட்டில் கரண்ட் இல்லை என்றேன். ஆசிரியர் அடிக்கவில்லை. தெருவிளக்கில் படித்து ஐகோர்ட் நீதிபதியான முத்துசாமி ஐயரின் கதையைச் சொன்னார். எங்கள் தெருவில் அப்போது விளக்குக் கம்பமே கிடையாது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

முத்துசாமி ஐயர் நம்ம பக்கத்து ஆள்தான். 1832இல் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். திருவாரூரில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கருக்கு உதவியாளாகச் சேர்ந்தார். பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்த தாசில்தார் முத்துசாமி நாயக்கர், அவரைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். பிறகு தரங்கம்பாடியில் முன்சீப். 1878இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. ஒரு இந்தியர் அந்த நாற்காலியில் உட்காருவதா என்று வெள்ளையர் பத்திரிகைகள் குதித்தன. அந்த எதிர்ப்புக்குப் பதில் சொல்லவே அதே ஆண்டு ‘தி இந்து’ பிறந்தது. 1893இல் சில மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். அவர் உழைப்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் அந்த ஒரு ரூபாய் வேலையை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். கணக்கரின் திண்ணையில் உட்கார அவருக்கு இடம் இருந்தது. கையில் ஏட்டைக் கொடுக்க ஆள் இருந்தது. தாசில்தாரின் கண்ணில் படும் தூரத்தில் அவர் இருந்தார். அதே காலத்தில், இதே தஞ்சை வயல்களில், பறையரும் பள்ளரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் அடிமைகளாக இருந்தார்கள். அடிமைமீது எஜமானுக்குள்ள உரிமையை நீதிமன்றங்கள் இனி ஏற்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1843இல். அப்போது முத்துசாமிக்கு வயது பதினொன்று. அவர் வயதுள்ள ஒரு சேரிப் பையன் அவரைவிடக் கெட்டிக்காரனாக இருந்திருந்தால், எந்த தாசில்தார் அவனைப் பார்த்திருப்பார்? சேற்றில் குனிந்து நிற்பவனின் முதுகுதானே தெரியும்!

சட்டம் வந்தும் பண்ணையாள் முறை போகவில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய, பி.சீனிவாசராவும் தோழர்களும் இந்த மண்ணில் எவ்வளவு போராடினார்கள் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்னை ஐகோர்ட்டில் ஐயருக்குச் சிலை இருக்கிறது. காலில் செருப்பு இல்லை. எளிமையின் அடையாளம் என்று சிலாகிப்பார்கள். என் தாத்தாவும் ஊர்த்தெருவில் செருப்பில்லாமல்தான் நடந்தார். போட்டால் உதை விழும்.

முதல் இந்தியர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது 1878இல். முதல் தலித் அங்கே போய் உட்கார்ந்தது 1973இல், கலைஞர் ஆட்சிக்காலத்தில். இடையில் 95 வருடம். நீதிபதி ஏ.வரதராசன், சோலையார்பேட்டைக்காரர். இந்தியாவிலேயே உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் தலித் அவர்தான். 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். அங்கேயும் அவர்தான் முதல் ஆள்.

தெருவிளக்குக் கதையைக் கேட்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். வரதராசன் பெயரைப் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்கள் மட்டும் கை தூக்குங்கள், பார்ப்போம்.