பிடரி நோவும் தளர்ச்சிப் பயிற்சியும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



கழுத்து நோவு முதுமையின் துணை என்பர். ஆனால் பரீட்சைக்குக் குனிந்து படிப்போரும், கைத்தொலைபேசியை ஓயாது பார்ப்போரும் பிடரியைத் தடவிக்கொண்டு எழுவதை எம்மிடையே நாள்தோறும் காண்கிறோம். 3 மாதத்துக்கு மேல் நீடிப்பதை வைத்தியர்கள் நாட்பட்ட நோவு என்பர். நாம் பேச எடுத்துக்கொண்டது அதனையே.

ஏறத்தாழ 5 கிலோ நிறையுள்ள தலையைக் கழுத்திலுள்ள 7 சிறிய என்புகள் தாங்குகின்றன. அவற்றை நிலைநிறுத்துவன தசைகள். கவலையிலும் அவசரத்திலும் தோள்கள் காதை நோக்கி உயர்கின்றன; காரியம் முடிந்த பின்பும் பலருக்கு அவை இறங்குவதில்லை. உயர்ந்திருப்பது உடையவனுக்கே தெரியாது! இக்கணத்தில் உங்கள் தோள்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். அறியாதவனிடம் "ஆறுதலாயிரும்" என்று சொல்லிப் பயனென்ன?

இதை நன்குணர்ந்தவர் அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன். தசைகளைப் படிப்படியாகத் தளர்த்தும் முறையை அவர் 1929இல் நூலாக வெளியிட்டார். அதன் எளிய வடிவம் இது: மல்லாந்து படுத்து, தோள்களை மெல்ல உயர்த்தி, 5 விநாடி நிறுத்தி, இறுக்கம் எங்கே தோன்றுகிறதெனக் கவனிக்க வேண்டும். பின்னர் முற்றாக விட்டுவிட்டு அரை நிமிடம் சும்மா கிடக்க வேண்டும். கைகள், நெற்றி, தாடை ஆகியவற்றையும் அவ்வாறே செய்க. நோகுமளவுக்கு இறுக்கலாகாது. இறுக்கம் இன்னதென்று அறிந்தவனுக்கே தளர்ச்சி கைவரும். ஹடயோகப் பிரதீபிகை கூறும் சவாசனமும் களைப்பை நீக்குவதே. ஆயினும் அதில் இறுக்கிப் பார்க்கும் படி இல்லை.

இதனால் நோவு தீருமா? இங்கே நாம் உண்மையை மறைத்தலாகாது. பின்லாந்தில் கழுத்து நோவுற்ற 393 கந்தோர்ப் பெண்களை மூன்று பிரிவாக்கிச் சோதித்த ஆய்வு 2003இல் வெளியாயிற்று. தளர்ச்சிப் பயிற்சி பெற்றோரும், தசைப் பயிற்சி பெற்றோரும், வழக்கம்போல் இருந்தோரும் நோவில் வேறுபடவில்லை. அதே ஆண்டில் வெளியான இன்னொரு பின்லாந்து ஆய்வில், 180 பெண்களுள் கழுத்துத் தசைகளை ஓராண்டு முறையாக வலுப்படுத்தியோர்க்கு நோவு நன்கு குறைந்தது. எனவே தளர்த்தப் பழகுவோர் அதனோடு நின்றுவிடாது, தேர்ந்தவரிடம் வலுப்பயிற்சியும் கற்க வேண்டும் என்பதே எம் கருத்து.

சலூன் நாற்காலியிலிருந்து கழுத்தைச் 'சடக்'கென முறிப்பிக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அரிதாயினும், அதனால் கழுத்தின் இரத்தக் குழாய் கிழிவதுண்டு. கை விறைப்போ, பலவீனமோ, நடையில் தள்ளாட்டமோ கண்டால், பயிற்சிக்குப் பாய் விரிக்காது அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.