இல்லத்துக் கணினியும் நிரல் எழுதும் கருவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

யாம் புலவரும் அல்லோம். பொறியியல் கற்றவரும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிக் காலங்கழிப்பவர். அத்தகைய எம்மைக் கணினி பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது பெரிதும் தயங்கினோம். எனினும், கற்றவர் சொல்லோடு பட்டவர் சொல்லும் கேட்கத்தக்கதே என்று துணிந்து உங்கள்முன் நிற்கின்றோம்.

நம் காலனியில் போனஸ் வந்ததும் எழும் முதற் கேள்வி, "பிள்ளைக்கு எதை வாங்குவது?" என்பதாகும். 2024ஆம் ஆண்டு இரயில்வே ஊழியர்க்கு 78 நாள் ஊதியம் போனசாக வழங்கப்பட்டது. அதன் உச்ச அளவு 17,951 ரூபாய். ஆண்டு முழுதும் எதிர்நோக்கிய அச்சிறு தொகையைத் தவறான வழியில் இழத்தல் எளிது. யாம் அவ்வாறு இழந்தவர். அதனை முதலில் கூறிவிடுகின்றோம்.

எம் மகள் எட்டாம் வகுப்பில் பயின்றபோது, நிரல் எழுதக் கற்க விரும்பினாள். நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்றினை நாடினோம். அவர்கள் ஓராண்டு உரிமத்துடன் ஒரு மென்பொருளை எம் தலையில் கட்டினர். குழந்தை இரவு பகலாக அதில் எழுதினாள். ஆண்டு முடிந்த மறுநாள் கணினியைத் திறந்தால், "கட்டணம் செலுத்துக" என்ற அறிவிப்பு மட்டுமே நின்றது. அவள் எழுதியவை யாவும் அம்மென்பொருளுக்கே உரிய வடிவில் அடைபட்டுக் கிடந்தன, வேறெதிலும் திறக்கவில்லை. "அப்பா, நான் எழுதியது எனக்கே இல்லையா?" என்று அழுதாள். அவ்வினாவிற்கு அன்று எம்மிடம் விடை இல்லை. இரண்டு திங்கள் அவள் கணினிப் பக்கமே செல்லவில்லை. பணம் போனதினும், குழந்தையின் ஊக்கம் போனதே எம்மை வருத்தியது.

இனிப் பொருளுக்கு வருவோம். நிரல் என்பது கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் வரிசை. அதனை ஆக்க மூன்று வேண்டும்: எழுத ஓர் ஏடு, எழுதியதைக் கணினி நிறைவேற்றுமாறு செய்யும் மொழிபெயர்ப்பி, பிழை நேர்ந்தால் இடத்தைக் காட்டும் கருவி. இம்மூன்றையும் ஒரே மேசையில் வைத்துத் தருவதே நிரலாக்கச் சூழல் எனப்படும். இருப்புப்பாதைப் பணியில் உள்ளோர்க்கு எளிதில் விளங்கும்: பாதையை மாற்றும் விசையும், கைகாட்டியை இயக்கும் விசையும், அடுத்த நிலையத்தோடு பேசும் கருவியும் நிலைய அதிகாரியின் ஓர் அறையில் இருப்பதைப் போன்றது அது.

எது சிறந்தது எனின், நம் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவையே காட்டுவோம். மிளகு மூட்டை நிறுக்கும் தராசு வேறு. பொற்கொல்லர் மேசையிலுள்ள தராசு வேறு. மூட்டைத் தராசு பெரிது என்பதற்காக அதில் மூக்குத்தி நிறுப்பார் உண்டோ? ஆகவே வேலையையும், கற்பவரின் வயதையும், வீட்டுக் கணினியின் வலிமையையும் நோக்கியே தேர்தல் வேண்டும்.

சிறு குழந்தைகளுக்கு ஸ்கிராட்ச் போதும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆக்கப்பெற்று 2007இல் வெளிவந்தது அது. தட்டெழுத்து வேண்டா, கட்டளைகளை வண்ணக் கட்டைகளாக ஒன்றன்கீழ் ஒன்று பொருத்தினால் பொம்மை நடக்கும், பேசும்.

எழுதக் கற்கும் பருவத்தினர்க்குப் பைத்தான் மொழி ஏற்றது. நெதர்லாந்து நாட்டினரான கைடோ வான் ரோசம் அதனை 1991இல் வெளியிட்டார். அதனுடன் ஐடில் என்னும் எளிய சூழல் விலையின்றி வருகின்றது. எஸ்தோனியாவின் தார்து பல்கலைக்கழகத்தில் பிறந்த தான்னி என்னும் சூழல் தொடங்குவோர்க்கென்றே அமைந்தது. அது நிரலை ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டும்; ஒவ்வொரு படியிலும் எந்தப் பெயரில் என்ன மதிப்பு இருக்கின்றது என்பதை அருகே காட்டும். விரைவு வண்டியில் சென்றவன் இடையிலுள்ள ஊர்களை அறியான். பாசஞ்சர் வண்டியில் சென்றவன் ஒவ்வொன்றையும் அறிவான். கற்பவர்க்குப் பாசஞ்சரே நன்று.

தேர்ச்சி பெற்றோர்க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோடு உண்டு. அதற்கும் விலை இல்லை. வேண்டும் துணைக்கருவிகளைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். பைசார்ம் பெருந்திட்டங்களுக்குரியது, 8 ஜிபி நினைவகம் இருத்தல் நலம் என அதனை ஆக்கியோரே பரிந்துரைக்கின்றனர். எம் வீட்டுப் பழைய கணினியின் நினைவகமோ 4 ஜிபி. ஆகவே பைசார்மை நாடாது, ஐடிலும் தான்னியும் கொண்டே எம் மகள் கற்றாள்; குறைவொன்றும் காணவில்லை.

இவ்விடத்தில், நாம் வந்து வாழும் இம்மாநிலத்திற்கு நன்றி கூறல் கடமையாகும். கேரள அரசு 2001இல் "ஐடி அட் ஸ்கூல்" திட்டத்தைத் தொடங்கிற்று. அதுவே 2017இல் "கைட்" என்னும் நிறுவனமாயிற்று. லினக்சை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற மென்பொருளையே அது பள்ளிகளுக்கு வழங்குகின்றது. 2018இல் தொடங்கிய "லிட்டில் கைட்ஸ்" மாணவர் மன்றங்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் இயங்குகின்றன. 2024ஆம் ஆண்டு ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவு சேர்க்கப்பட்டபோது, மலையாளம், ஆங்கிலம், கன்னடத்தோடு தமிழிலும் அந்நூல் வெளிவந்தது. எம் மகளை மீட்டதும் பள்ளியே. ஆசிரியை ஒருவர், பள்ளியிலுள்ள அதே மென்பொருளை எம் கணினியிலும் நிறுவச் செய்தார். பள்ளியும் வீடும் ஒன்றாயின. பகலில் ஐயமுற்றதை இரவில் செய்து பார்த்தாள்.

கட்டற்றது என்பது விலையற்றது என்பது மட்டுமன்று. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய க்னூ இயக்கமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தந்த லினக்சும் உலகிற்குச் சொன்ன செய்தி இது: பயன்படுத்தவும், உள்ளே நோக்கி ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் அனைவர்க்கும் உரிமை உண்டு. கோட்டைக் கொச்சியின் தோபி கானாவை அறிவீர்கள். துவைக்கும் தொட்டி அவரவர்க்கு. உலர்த்தும் திடலோ அனைவர்க்கும் பொது. திடலைப் பூட்டிச் சாவிக்குக் கட்டணம் கேட்பாரில்லை. பைத்தான் நிரல் வெறும் எழுத்துக் கோப்பாகவே இருப்பதால், ஒரு கருவி போயினும் வேறொன்றில் திறக்கும். "நான் எழுதியது எனக்கே இல்லையா?" என்ற கேள்விக்கு, உனக்கே உரியது என்னும் விடையை யாம் ஈண்டுதான் கண்டோம்.

தமிழர்க்கென ஒரு சோதனையும் உண்டு. இவ்விழாவிற்காக உறுப்பினர் பட்டியலை அச்சிட எம் மகள் ஒரு நிரல் எழுதினாள். பெயர்கள் நேர்நிறுத்தத்தில் நில்லாது கோணின. "தமிழ்" என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானின் லென் கட்டளையால் கேட்டாள். கணினி 5 என்றது. நாமோ த, மி, ழ் என மூன்றே எண்ணுவோம். யூனிகோடு முறையில் மி என்பது ம எனவும் இகரக் குறி எனவும், ழ் என்பது ழ எனவும் புள்ளி எனவும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். படிப்படியாக ஓட்டிப் பார்த்து அதனை அவளே கண்டுபிடித்தாள். தமிழுக்கென ஆர்வலர் ஆக்கிய "ஓபன் தமிழ்" நிரல் தொகுப்பைச் சேர்த்ததும் மூன்றெனவே எண்ணிற்று. எந்தச் சூழலைத் தேர்ந்தாலும், முதலில் தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத்துச் சிதைந்தால் வேறொன்றைத் தேடுங்கள்.

முடிவாகச் சில சொற்கள். பணம் கொடுக்குமுன் விலையற்றதை ஒரு திங்கள் பழகுக. பள்ளியில் உள்ளதையே வீட்டிலும் வைக்க. எழுதியதை வேறொரு கருவியில் திறக்க முடிகின்றதா என்று வாங்குமுன் வினவுக. அச்சமூட்டும் பெரிய கருவியினும், பிழையைப் பொறுமையோடு காட்டும் சிறிய கருவியே ஆசிரியன் ஆகும்.

நம் சங்கப் படிப்பகத்தில் ஒரு மூலை வெறிதே கிடக்கின்றது. எம் வீட்டுப் பழைய கணினியை அங்கே வைக்க இசைகின்றோம். சனிக்கிழமை மாலைகளில் பெரிய பிள்ளைகள் சிறியவர்க்குக் கற்பிக்கட்டும். பெண்மக்கள் முன்வரிசையில் அமரட்டும். கணினி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் அங்கே எழுதட்டும். அவர்கள் எழுதுவது என்றென்றும் அவர்களுக்கே உரியதாகுக என வாழ்த்தி அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!