பாலைப்பழமும் தோழமையும்

(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு, அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டது)



கோடை விடுமுறையைப் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி என்பது பற்றிச் சில நிமிடம் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். பயன் என்று அவர் சொன்னபோது ஆங்கில வகுப்பை நினைத்தாரோ, கணினி வகுப்பை நினைத்தாரோ யான் அறியேன். நான் பேசப்போவது பழம் பறிக்கப் போவதைப் பற்றி. முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் இப்போதே புன்னகை செய்கிறார்கள். அவர்கள் வாலிபப் பருவத்தில் எத்தனை வேலி பாய்ந்தவர்களோ!

பல்கலைக் கழக விடுதியில் ஒரே தாழ்வாரத்தில் நாங்கள் ஐவர் இருக்கிறோம். ஒருவர் ஒட்டுசுட்டான் பகுதியைச் சேர்ந்தவர், மற்றொருவர் புங்குடுதீவு, இன்னொருவர் வாழைச்சேனை, நான்காமவர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை, ஐந்தாவது ஆள் நான், வடமராட்சி. தவணை நடக்கும்போது பாடத்தையும் சாப்பாட்டுக் கடைக் கடனையும் தவிர வேறொன்றும் பேச எங்களுக்கு நேரம் இருப்பதில்லை. விடுமுறை வந்து அவரவர் ஊர் சென்ற பின்னரே, கைப்பேசி வழியாக, ஒருவர் எவ்விதம் வாழ்கிறார் என்பதை மற்றவர் அறியலானோம். அனுப்பிய செய்திகளெல்லாம் மிகச் சிறியவை. கிணற்று மோட்டர் பழுதாகிவிட்டது; ஆடு இரண்டு குட்டி ஈன்றது; அம்மம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது; இன்று கொழுந்து குறைவு, ஆதலால் அம்மா நேரத்தோடு வீடு வந்தார். மூன்றாண்டு ஒரே கூரையின்கீழ் இருந்தும் அறியாதவற்றை இவ்வகையில் அறிந்தோம்.

வைகாசி பிறந்துவிட்டால் இச்செய்திகளில் பழங்கள் புகுந்துவிடும். வாழைச்சேனை நண்பர் மரமுந்திரிகைப் பழத்தைக் கடித்து, சாறு பட்ட சட்டையைப் படம் பிடித்து அனுப்புவார். அட்டன் நண்பர் தேயிலை மலைச்சரிவில் தானே முளைத்த கொய்யாவைக் காட்டுவார். தீவு நண்பருக்கோ ஆடி வந்து பனம்பழம் விழும்வரை பொறுமை வேண்டும். நான் எங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பானைக் காட்டுவேன். அதற்கு நாய்க் காவல், வேலி, எண்ணிக்கை எல்லாம் உண்டு. எந்தக் கொப்பில் எத்தனை காய் என்பது எங்கள் பாட்டனாருக்குத் தெரியும்! ஒட்டுசுட்டான் நண்பர் மட்டும் படம் அனுப்பவில்லை. “பாலைப்பழம் படத்தில் ருசிக்காது, நால்வரும் புறப்பட்டு வாருங்கள்” என்று எழுதினார். போனோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் கற்ற மிஷன் பாடசாலையில் ஸ்ட்றோபெரி என்றும் செறி என்றும் புத்தகத்தில் கண்ட பழங்களின் பெயரை எழுத்துப் பிழையின்றி எழுதக் கற்றோம். அப்பழங்களை எங்களில் ஒருவரும் கண்ணாற் கண்டதில்லை. ஆனையிறவுக்கு அப்பால், பஸ் வண்டியிற் சில மணி நேரப் பயணத்தில், காடு முழுதும் பொன்மணி கோத்ததுபோற் பழுத்து நிற்கும் பாலையைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் ஒரு வரி இருந்ததாக நினைவில்லை. ஆசிரியர்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. என் ஆங்கிலம் அவர்கள் தந்தது. அதனை நான் நன்றியோடு வைத்திருக்கிறேன்.

பாலை உலர்வலயக் காட்டின் பெருமரம். சிங்கள மக்கள் இதனைப் பலு என்பர். இலுப்பையும் சப்போட்டாவும் இதன் இனத்தவை. சப்போட்டாவை ஒட்டுவதற்கு இதன் கன்றையே அடிக்கட்டையாகக் கொள்வதும் உண்டு. மிக மெதுவாக வளர்வது. ஆதலின் வைரம் மிகுந்தது. வெட்டிய கட்டை நீரில் ஆழ்ந்துவிடும். புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டையாக இம்மரங்கள் போனதுண்டு. பழமோ விரல்நுனி அளவினது, மஞ்சள் நிறம், உள்ளே பெரும்பாலும் ஒரே விதை, கறுத்து மினுங்குவது. வைகாசி தொடங்கி ஆடி வரையில், சோளகக் காற்று அடிக்கும் காலத்தில், பழுக்கும். பெயரிலே பால் இருப்பது வீணாக அன்று. பத்துப் பழம் தின்றால் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். எங்களில் அதிகம் பேசுபவர் வாழைச்சேனை நண்பர். அவரை அரை மணி நேரம் மௌன விரதம் இருக்கச் செய்த பெருமை அப்பழத்தையே சாரும்.

நம் ஊர்ப் பெயர்களிலும் இம்மரம் நிற்கிறது. திருகோணமலையிற் பாலையூற்று, மட்டக்களப்பிற் பாலையடித்தோணா, முல்லைத்தீவு மாவட்டத்திற் பாலைப்பாணி. பாணி என்பது பழத்தைக் காய்ச்சி எடுக்கும் பாகு. இன்று அதைக் காய்ச்சத் தெரிந்தவர் மிகச் சிலரே.

எங்களைக் காட்டுக்கு அழைத்துச் சென்றவர் நண்பரின் ஆச்சி. வயது எழுபதுக்கு மேல். கையில் ஒரு கொக்கத்தடி, இடுப்பில் ஓர் உமல், எங்கள் தலையில் கடகங்கள். மரத்தின் கீழ்ப் படங்கை விரித்து, தாழ்ந்த கொப்பை மெல்ல உலுக்க வேண்டும். முதிர்ந்தது தானே விழும், காய் விழாது. உயரத்திலுள்ளதைக் கொக்கத்தடியால் வளைத்து, ஒருவர் பிடிக்க ஒருவர் பறிக்க வேண்டும். இது தனி ஒருவர் செய்யக்கூடிய காரியம் அன்று. கொப்பைப் பிடித்து நிற்பவனுக்குப் பறிக்கக் கை இல்லை. ஆதலால் பறிப்பவன் அவன் வாயில் இரண்டு பழம் போட வேண்டும். முதல்நாள் அட்டன் நண்பர் கொப்பைப் பிடித்து நின்றார். நாங்கள் மற்ற நால்வரும் எங்கள் வாயை மட்டும் கவனித்துக் கொண்டிருந்தோம். ஆச்சி பார்த்துவிட்டார்.

“தம்பிமாரே, பிடிக்கிறவனுக்குத்தான் முதற் பழம். இது எங்கட ஊர் வழக்கம்” என்றார்.

உச்சிக் கொப்பில்தான் நிறம் நன்றாயிருந்தது. ஏறட்டுமா என்று தீவு நண்பர் கேட்டார்.

“வேண்டாம் ராசா. எட்டினதைப் பறியுங்கோ. எட்டாதது குருவிக்கும் குரங்குக்கும் கரடிக்கும். அதுகளும் பிள்ளைகுட்டிக்காரர்.”

ஆச்சி கரடியைச் சொன்னது வேடிக்கைக்காக அன்று. பாலை பழுக்கும் காலத்தில் கரடி மரமேறித் தின்னும். தெற்கே யால வனத்தில் ஆனி ஆடி மாதங்களிற் கரடியைக் காண்பதற்கென்றே பயணிகள் வருவது இப்பழத்தின் பொருட்டே. கரடியின் வயிற்றினூடே சென்ற விதை வேறோரிடத்தில் விழுந்து முளைக்கவும் செய்யும். ஆகவே நாம் விட்டுவைக்கும் உச்சிக் கொப்பு வீணாவதில்லை.

ஆச்சி பழைய கதையும் சொன்னார். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலர் வன்னிக்கு வந்தனர். அடுத்த கோடையில் அப்பிள்ளைகள் முதன்முதலாகப் பாலைப்பழம் தின்று, வாய் ஒட்டி அழுதார்களாம். ஆச்சி அவர்கள் உதட்டில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாராம். “கூப்பன் சாமான் வராத நாளிலும் மரம் தந்தது” என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இச்சபையில் அக்காலத்தைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியது யாது?

இனி, இப்பேச்சுக்கு என்னைத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் நாங்கள் சென்ற இடத்தில் ஒரு பெரும் பாலை நின்றது. நின்றது என்று சொல்லலாமோ? அடிமரம் நின்றது, கைகள் இல்லை. துடையளவு பருத்த கொப்புக்கள் நான்கைந்து வாளால் அறுபட்டுக் கீழே கிடந்தன. இலை வாடியிருந்தது, பழம் மட்டும் உருவப்பட்டிருந்தது. பக்கத்தில் வண்டிச் சக்கரத்தின் தடம். பழத்தை ஒவ்வொன்றாகப் பறித்தால் ஒரு பகலுக்கு ஒரு கடகம். கொப்பை அறுத்து வீழ்த்திவிட்டால் ஒரு மணிக்குள் ஒரு மூடை. பட்டணத்துச் சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரத்தில், பாட்டன் காலத்துக் கொப்பு ஒரு கோடையோடு முடிந்துவிட்டது. ஆச்சி அம்மரத்தின் அடியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கீழே சிதறிக் கிடந்த பழங்களைப் பொறுக்கத் தொடங்கினார். “கிடந்து அழுகவோ?” என்றார்.

ஒதுக்குக் காட்டிற் கிளை தறிப்பது 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். ஆயினும் காவலர் சிலர், காடு பெரிது. சட்டத்தின் பெயரைச் சொல்லி நான் நிறுத்திவிட்டால், வீதியோரத்தில் சுண்டால் அளந்து பழம் விற்கும் ஏழைத் தாய்மார்மீது பழி விழுந்துவிடும். அது நியாயமாகாது. மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் அப்படி விற்கும் ஒருவரோடு பேசினோம். விடியற்காலையில் மரத்தடியில் விழுந்ததைப் பொறுக்கி வருகிறார்; பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் அதுவே காசு. “மரம் போனால் வாற வருசம் எனக்கு என்ன இருக்கு?” என்றார். வண்டியில் வருபவருக்கு அடுத்த வருடம் வேறு காடு இருக்கிறது. என் கருத்தில் வேறுபாடு இதுதான்: மரத்துக்குத் திரும்பி வர வேண்டியவர் வாள் எடுப்பதில்லை.

தீவு நண்பரின் தமக்கையார் நோர்வேயில் வாழ்கிறார். நாங்கள் பாலைப்பழப் படத்தை அனுப்ப, அவர் தம் பிள்ளைகளோடு காட்டிற் புளூபெரி பறிக்கும் படத்தை அனுப்பினார். பிள்ளைகளின் நாக்கு நீலமாயிருந்தது. யாருடைய காடு என்று கேட்டோம். யாருடையதாயினும் காட்டுப்பழம் பறிக்க எவருக்கும் உரிமை உண்டாம். நெடுங்கால வழக்கமாயிருந்த காட்டில் உலாவும் உரிமையை அந்நாட்டார் 1957ஆம் ஆண்டிற் சட்டமாகவும் எழுதிவைத்தனர். பழம் பறிக்கலாம், வளரும் மரத்தில் உரிமையாளர் சம்மதமின்றிக் கை வைத்தலாகாது. அங்கே சதுப்பு நிலத்தில் விளையும் செம்மஞ்சட் பழம் ஒன்று உண்டு; மொல்த்தே என்பர்; விலை உயர்ந்தது. வடகோடி மாகாணங்களில் அப்பழம் விளையும் நிலத்தின் சொந்தக்காரர் பிறர் பறிப்பதைத் தடுக்கலாம். ஆனால் நின்ற இடத்திலேயே பறித்து உண்பவனை அவரும் தடுத்தல் இயலாது! இதை வாசித்தபோது ஆச்சிக்குச் சொல்லிக் காட்டினோம். “அங்கேயும் எங்களைப்போல ஆக்கள் இருக்கினம்” என்றார். பனி நாட்டுச் சட்டசபையும் எங்கள் ஆச்சியும் ஒரே முடிவுக்கு வந்திருப்பது எனக்குப் பெரு மகிழ்ச்சியாயிருந்தது.

மூத்தோர்கள் மனத்தில் ஓர் ஐயம் இருக்கும்: காட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா? ஐயம் நியாயமானதே. போர் 2009இல் முடிந்தது. மிதிவெடி அகற்றும் பணியோ அதன் பின்னும் நெடுங்காலம் நீண்டது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017ஆம் ஆண்டிற் சேர்ந்தது. சிவப்புப் பலகை கண்ட இடத்தில் ஓர் அடியும் எடுத்து வைக்கலாகாது. பலகை இல்லாத இடத்திலும் ஊரவர் துணையின்றிப் போகலாகாது. யானை உண்டு, கரடி உண்டு. ஆச்சி எங்களைச் சத்தமிட்டுக் கதைத்துக்கொண்டே நடக்கச் சொன்னார். கரடி திடுக்கிட்டால்தான் பாயுமாம். வாழைச்சேனை நண்பருக்கு வாய் ஒட்டியது ஆபத்தான காரியம் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

இம்முறை ஆனி விடுமுறையில் மன்ற இளைஞர்கள் இருபது பேர் ஒட்டுசுட்டானுக்குப் போவதென ஒரு யோசனை இருக்கிறது. ஒதுக்குக் காட்டுக்குள் அன்று. ஊரோடு சேர்ந்த மரங்களுக்கே போவோம். கிராம உத்தியோகத்தருக்கும் வனவளத் திணைக்களத்தாருக்கும் முன்கூட்டி அறிவிக்க வேண்டும்; கடிதத்தைச் செயலாளர் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நண்பர்கள் நால்வரும் வருகிறார்கள். அட்டன் நண்பர் இம்முறை கொப்புப் பிடிக்கமாட்டாராம், அது நியாயமே. ஆச்சி பாணி காய்ச்சிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். தாய்மார் இருவர் உடன் வந்து அதைக் கற்றுக்கொண்டால் நன்று. தின்ற பழத்தின் விதைகளைத் துப்பிவிடாமற் சேர்த்துக் கழுவி எடுத்துவந்து, மன்ற வளவின் மேற்கு மூலையிற் பாத்தி போடுவோம். அவை காய்ப்பதை நான் காண்பேனோ தெரியாது. பாத்திக்கு நீர் ஊற்ற முறை வைத்துக்கொள்ளலாம்.

கொக்கத்தடி இரண்டு என்னிடம் உண்டு. கடகம் அவரவர் கொண்டுவர வேண்டும். கத்தி, வாள் கொண்டுவருபவருக்கு பஸ்ஸில் இடமில்லை. தேங்காயெண்ணெய் ஒரு போத்தல் போதுமென நினைக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாயிலருகே என்னைக் காணலாம்.