நீச்சற்குளமும் நம் குழந்தைகளும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சமூகத்தார் பொருள் திரட்டிச் சங்கக் கட்டடத்தின் பின்புறம் சிறுவர்க்கென ஒரு நீச்சற்குளம் அமைக்க எண்ணியிருப்பது மெச்சத்தக்கதே. நீந்தும் வித்தையை இளமையிலேயே கற்பித்தல் நம் கடமையாம். ஆயினும், குளத்தைக் கட்டுமுன் காவலைத் திட்டம் செய்யவேண்டுமென்பதே இன்று நாம் விண்ணப்பித்துக்கொள்ளும் விஷயம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் கணக்குப்படி, 2021-ஆம் வருஷத்தில் மாத்திரம் ஏறக்குறைய 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் சற்றேறக்குறைய நாலில் ஒரு பங்கினர் 5 பிராயத்துக்குட்பட்ட சிசுக்கள் என்பதை நினைக்க நெஞ்சம் பதறுகின்றது.

மூழ்கும் குழந்தை கூச்சலிட்டு உதவி கோருமென்று நம்மிற் பலர் நம்பியிருக்கின்றனர். அது பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. வாய் நீருக்கு மேலும் கீழுமாக ஏறியிறங்குகையில், மூச்சிழுக்கவே பொழுதில்லாத குழந்தை கூவுவது எங்ஙனம்? பெற்றோர் 10 அடி தூரத்தில் அமர்ந்து சம்பாஷித்துக்கொண்டிருக்கும்போதே அஃது ஓசையின்றி அமிழ்ந்துவிடக்கூடும்.

விசேஷ நாட்களில் குளக்கரையில் பெரியோர் 50 பேர் இருப்பர். மற்றவர் பார்த்துக்கொள்வாரென ஒவ்வொருவரும் எண்ணியிருப்பர். ஆதலின், குழந்தைகளைப் பார்ப்பதே வேலையாக ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்தல் வேண்டும். அவர் கையில் தொலைபேசியும் பத்திரிகையும் இருத்தல் கூடாது. அவர் எழுந்து போகுமுன், "இனி நீங்கள் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி மற்றொருவரிடம் பொறுப்பை ஒப்புவித்தல் வேண்டும். நீந்தத் தெரியாத சிறுவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருத்தல் அவசியம். காற்றடைத்த வளையங்கள் விளையாட்டுப் பொருள்களேயன்றி உயிர்க்காவல் ஆகா.

குளத்தின் நான்கு புறமும் 4 அடிக்குக் குறையாத வேலியும், தானே சாத்திக்கொள்ளும் கதவும், குழந்தைக்கு எட்டாத தாழும் வேண்டும். வடிகால் வாயையும் மறத்தலாகாது. 2002-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி, வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள, மீளமாட்டாது மாண்டாள். 2007-ல் அவள் பெயராலேயே அங்கு வடிகால் மூடிகளைப் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது.

இன்னுமொன்று. மூழ்கியெடுத்த குழந்தையைத் தலைகீழாய்ச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் நம்மவரிடை நெடுநாளைய வழக்கம். இதனால் விலைமதிப்பற்ற நிமிஷங்கள் வீணாகின்றன. மூச்சற்ற குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, முதலில் வாயில் மூச்சூதி, பின்னர் மார்பை அமுக்குதலும், அதே சமயம் மற்றொருவர் 108-க்குச் சொல்லி அனுப்புதலுமே தக்க சிகிச்சை. இதனை நம் வாலிபரும் தாய்மாரும் பயிற்சி பெற்றுக் கற்றல் வேண்டும்.

ஆகையால் மகாஜனங்களே! குளச்செலவோடு வேலிச்செலவையும் காவலாளின் சம்பளத்தையும் சேர்த்தே தீர்மானத்தில் எழுதுங்கள். பணம் போதாதாயின் குளத்தைச் சிறிதாக்குங்கள், காவலைச் சிறிதாக்காதீர்கள்.