இரும்பு முடியும் எளியோர் சொல்லும்



ஆள்வோர் அளிக்கும் தண்டனையும் ஒரு மொழிதான். அம்மொழியில் எழுதப்பட்டதைக் குடிமக்கள் எவ்வாறு மாற்றிப் படித்தனர் என்பதே இவ்வுரையின் பொருள். ஹங்கேரியில் 1514ஆம் ஆண்டிலும் குரோவேஷியாவில் 1573ஆம் ஆண்டிலும் எழுந்த உழவர் கிளர்ச்சிகள் இதற்குத் தக்க சான்றுகள்.

1514இல் திருத்தந்தை பத்தாம் லியோவின் ஆணையைப் பெற்று வந்த கர்தினால் பகோட்ஸ், துருக்கியர்க்கு எதிராகச் சிலுவைப் போரை அறிவித்தார். பெஸ்ட் நகர்ப்புறத்தில் உழவர்கள் பெருந்திரளாகக் கூடினர். திரான்சில்வேனியாவின் செக்கேய் குடியில் பிறந்த போர்வீரர் கியோர்கி டோஜா அவர்கட்குத் தலைவரானார். வயலில் வேலைக்கு ஆளில்லாமற் போவதைக் கண்ட பிரபுக்கள் வெகுண்டனர், படைதிரட்டல் நிறுத்தப்பட்டது. கூடியவர்களோ கலையவில்லை. துருக்கியர்மீது ஓங்கிய ஆயுதம் பிரபுக்கள்மீது திரும்பிற்று. ஜூலைத் திங்களில் தெமெஷ்வார்க் கோட்டையருகே யானோஷ் சப்போல்யாயின் படை அவர்களை முறியடித்தது.

உழவர்களுக்கு அரசனாக விழைந்தவன் என்று பழித்து, டோஜாவைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு இருக்கையில் அமர்த்தி, காய்ச்சிய இரும்பு முடியைத் தலையிற் சூட்டினர். பட்டினி போடப்பட்டிருந்த அவருடைய தோழர்களை அவர் தசையைக் கடித்துண்ணச் செய்தனர் என்றும் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. அவ்வாண்டிலேயே கூடிய நாட்டுப் பேரவை உழவர்களை நிலத்தோடு பிணைத்தது. உடலைச் சுட்ட இரும்பு ஒரு நாளில் ஆறிவிட்டது; சட்டமாக வார்க்கப்பட்ட இரும்பு தலைமுறைகளைச் சுட்டது.

டோஜாவைப் பற்றிய தொடக்க காலப் பெருங்கவிதை எதிரணியிலிருந்தே வந்தது. தவுரினுஸ் என்பார் இலத்தீனில் இயற்றிய 'ஸ்டாவ்ரோமாகியா' என்னும் காப்பியம் 1519இல் வியன்னாவில் அச்சேறியது. பரணிக்குத் தோற்றவர் பெயரைச் சூட்டுவது தமிழ் மரபு. பாடப்படுவதோ வென்றவர் புகழ். இந்நூலும் அத்தகையதே. சிலுவைப் படையினரின் போர் என்று பெயர் கொண்டு, அப்படையினரையே அது இழித்துரைத்தது.

இந்த வசை மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் புகழாக மாறிற்று. 1847இல் யோஷெஃப் யொட்வோஷ் இக்கிளர்ச்சியை நாவலாக்கினார். அதே ஆண்டில் கவிஞர் பெட்டோஃபி, உழவர்க்கு உரிமை கேட்ட தம் கவிதையில் டோஜாவின் பெயரை எச்சரிக்கையாக நிறுத்தினார். மறு ஆண்டில் பண்ணை அடிமைமுறை ஒழிந்தது. நொடித்த பிரபுக் குடும்பத்தில் பிறந்த எண்ட்ரே அதி, பிற்காலத்தில் தம் கவிதையொன்றுக்கு 'கியோர்கி டோஜாவின் பேரன்' என்றே தலைப்பிட்டார். பிறப்பால் வந்த உறவை விடுத்து நினைவால் வந்த உறவைத் தேர்ந்த செயல் அது.

குரோவேஷியாவிலும் அந்த முடி தோன்றுகிறது. பிரபு ஃபெரென்ட்ஸ் தாகியின் கொடுமைக்கு எதிராக 1573 ஜனவரியில் எழுந்த உழவர்கள், பிப்ரவரி 9இல் ஸ்டுபிட்சாவில் தோற்றனர். அவர்தம் தலைவர் குபெட்சுக்குக் காய்ச்சிய இரும்பு முடி சூட்ட எண்ணியிருப்பதாக ஆயர் திராஷ்கோவிச் பேரரசருக்கு எழுதினார். தெமெஷ்வாரின் கொடுமை ஆள்வோருக்கும் பாடமாக இருந்தது போலும்! குபெட்சின் இயற்பெயர் அக்காலச் சான்றுகளில் அம்புரோஸ். மக்கள் நினைவில் நிலைத்ததோ மத்தியா. பெயரைக்கூடப் பிழையாகக் கொண்ட நினைவு, முடியை மட்டும் மறக்கவில்லை.

இங்கேதான் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி உள்ளது. முடியின் கொடுமை கண்ணைக் கவர்கிறது. முடிசூட்டப்பட்டவன் எதற்காக எழுந்தான் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. கிளர்ச்சி நானூறாம் ஆண்டை எட்டிய 1973இல் கோர்ணியா ஸ்டுபிட்சாவில் சிற்பி அவுகுஸ்திஞ்சிச் வடித்த மாபெரும் சிலை எழுந்தது. உழவர் கிளர்ச்சிகளுக்கென அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அவை வேண்டப்படுவனவே. ஆயினும் சிலைக்கு ஒரு முகம்தான் உண்டு, வீழ்ந்தவர்களோ ஆயிரக்கணக்கானோர்.

அந்த ஆயிரம் பேரை நினைக்க வேறொரு வழியை மிரோஸ்லாவ் கிர்லேழா காட்டினார். 1936இல் அவர் வெளியிட்ட 'பெத்ரித்சா கெரெம்புகின் கதைப்பாடல்கள்', ஏட்டு மொழியிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த கய்காவிய வட்டார வழக்கில் அமைந்தவை. கிளர்ந்தெழுந்த உழவர் மண்ணின் பேச்சு அது. தலைவனுக்குச் சிலை எடுப்பதினும் அவனைப் பின்தொடர்ந்தோரின் நாவுக்கு உயிரளிப்பது அரிய பணி.

ஸ்டுபிட்சா உழவர்கள் வாளெடுக்கு முன்னர்ப் பேரரசரிடம் பலமுறை முறையிட்டனர். தோல்விக்குப் பின் பிடிபட்ட படைத்தலைவர் இலியா கிரெகோரிச்சின் வாக்குமூலமும் பதிவாயிற்று. முறையீட்டிலும் விசாரணையிலும் எழுத்தர் கைவழியே கசிந்து வந்த அச்சொற்களே எளியோர் விட்டுச்சென்ற செல்வம். முடியைப் பாடிய கவிஞர் பலர். முறையீட்டைப் பாடும் கவிஞர்க்காக அந்த ஏடுகள் இன்னும் காத்திருக்கின்றன.