உறைய நிதானம், உருக வேகம்

2021-இல் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆக்சிஜன் ஆலையின் பெயர் செய்திகளில் ஓயாமல் அடிபட்டது நினைவிருக்கும். காற்றைக் கடுங்குளிரில் திரவமாக்கி ஆக்சிஜனைப் பிரிக்கும்போது நைட்ரஜனும் கிடைக்கும். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கிற திரவம் அது. பிள்ளைப்பாக்கம், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தொழிற்சாலைச் சரக்கு. அதே ஊரில் மாடு வைத்திருப்பவர்களுக்கோ, சினை ஊசி போட வருகிறவரின் கேனுக்குள் புகைகிற சமாச்சாரம். பாலூட்டிகளின் செல்களை ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் காப்பாற்றி வைப்பதும் அதில்தான். செல்களை அப்படி உறைய வைத்து உருக்கும் கைவேலையை இன்று எடைபோட்டுப் பார்க்கலாம்.

குளிரைவிடப் பனிக்கட்டிதான் செல்லுக்கு எமன். சடாரென்று குளிர்வித்தால் செல்லுக்குள்ளேயே பனிப்படிகம் முளைத்துச் சவ்வைக் கிழித்துவிடும். ரொம்ப மெதுவாகப் போனால், வெளியே இருக்கும் நீர் முதலில் உறைந்து, மிச்சத் திரவத்தில் உப்பு ஏறி, செல் வற்றிச் சாகும். பெரும்பாலான செல்களுக்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்பது தோதான வேகம். அதுவும் துணைக்கு ஒரு மருந்து இருந்தால்தான். 1949-இல் லண்டனில் போல்ஜ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் சேவலின் விந்தணுவை உறைய வைக்கப் பார்த்தார்கள். லேபிள் மாறிப்போன புட்டியில் இருந்த கிளிசரால் காரியத்தைச் சாதித்துவிட்டது. பத்தாண்டு கழித்து டி.எம்.எஸ்.ஓ. என்ற வேதிப்பொருள் வந்தது. இன்றைக்கும் பெரும்பாலும் பத்து சதவீதம் அதைக் கலந்துதான் உறைய வைக்கிறார்கள்.

உருக்கும்போதுதான் கைத்திறன் தெரியும். குப்பியை 37 டிகிரி வெந்நீரில், மூடி நனையாமல் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். உள்ளே கடுகளவு பனி மிஞ்சியிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு நிமிட வேலை. ஆல்கஹாலால் துடைத்து, கிருமி அண்டாத ஹூடுக்குள் கொண்டுபோய், செல் வளர்க்கும் வெதுவெதுப்பான மீடியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் நீர் உள்ளே பாய்ந்து செல் வீங்கி வெடிக்கும். உடனே, செத்த செல்லை நீலமாகக் காட்டும் டிரைபான் புளூ சாயம் போட்டு எண்ணி, தொண்ணூறு சதவீதம் பிழைத்தது என்று மார்தட்டுவார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. உருகிய பல செல்கள் சில மணி நேரம் கழித்தே சாகின்றன. மறுநாள் காலையில் ஃபிளாஸ்கின் அடியில் எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று பார்ப்பதே சரியான கணக்கு.

இந்தக் கைவேலை நாம் போட்டுக்கொள்ளும் ஊசியிலும் உண்டு. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆட்டு மூளையில் தயாரான மருந்து அது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அதைத் தயாரித்து, பிறகு வீரோ செல்லுக்கு மாறியது. நாட்டிலேயே 2004 இறுதியோடு அந்தப் பழைய மருந்து நின்றது. வீரோ செல், 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டது. தலைமுறை ஏற ஏறக் குணம் மாறும் என்பதால் அதை முடிவில்லாமல் வளர்த்துக்கொண்டே போக முடியாது. அதனால் உறைந்த இருப்பிலிருந்து குப்பியை உருக்கித்தான் உற்பத்தியைத் தொடங்குவார்கள். கையில் ஏறுகிற இன்றைய வீரோ செல் ஊசிக்குப் பின்னால் யாரோ ஒருவர் குப்பியை வெந்நீரில் ஆட்டியிருக்கிறார்.

இந்தக் கலையின் குறை வேறிடத்தில் இருக்கிறது. குப்பிகளை வைத்திருக்கும் டேங்கில் உள்ள நைட்ரஜன் தானாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். கறுப்புக் குச்சியை உள்ளே விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டினால், எதுவரை வெள்ளையாகப் பனி படிகிறதோ அதுவே அளவு. அளந்து எழுதுகிற ஊழியருக்கு ஆய்வுக் கட்டுரையில் நன்றிகூட இருக்காது. என்னை ஓர் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனால் நுண்ணோக்கியைக் காட்டச் சொல்ல மாட்டேன். பொங்கல் விடுமுறை வாரத்தில் அந்தக் குச்சி எத்தனை சென்டிமீட்டர் காட்டியது என்று எழுதிய பக்கத்தைத்தான் கேட்பேன்.