எழுவாய் யார்? இணைய விளையாட்டுக் கதையில் நடுவுநிலைமை



இலக்கணம் கற்பித்தே முதுமை எய்திய ஒருவன் இணைய விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். இதற்குக் காரணம் என் பேரன். 2018ஆம் ஆண்டில் ஒரு மாலை, கணினியின் முன்னிருந்து எழுந்து வந்த அவன், "தாத்தா, எங்களைக் கெட்டவங்களா ஆக்கிட்டாங்க" என்று முறையிட்டான். யாரை என்று கேட்டேன். "எங்க ஹோர்டை" என்றான். கற்பனை உலகின் ஒரு படையை அவன் 'எங்கள்' என்று உரிமை கொண்டாடினான். 'ஆக்கிட்டாங்க' என்று கதை எழுதியவர்கள்மீது குற்றம் சாட்டினான். அவனுடைய வழக்கில் நியாயம் உண்டா என்பதே இன்றைய என் உரையின் பொருள்.

அறியாதவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்கிறேன். பிளிசார்டு நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ்விளையாட்டின் பெயர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். அதில் இரு தரப்புகள் உள்ளன. மனிதர், குள்ளர், இரவு எல்ஃபுகள் முதலியோர் சேர்ந்தது அலையன்ஸ். ஓர்க்குகள், எருதுமுகம் கொண்ட டாரென்கள் முதலியோர் சேர்ந்தது ஹோர்ட். இரு தரப்புக்கும் இடையே மொழித்தடையும் உண்டு. ஹோர்டைச் சேர்ந்த ஒருவர் சிரிப்பைக் குறிக்க 'எல்ஓஎல்' என்று எழுதினால், எதிர்த்தரப்பினரின் திரையில் அது 'கெக்' என்று தோன்றும். பகைவனின் சிரிப்புகூட இங்கே வெற்றொலிதான். நேரே பேசிப் புரிந்துகொள்ள இயலாத இடத்தில், எதிரியின் நெஞ்சை அறிவதற்குக் கதையாசிரியரின் எழுத்தே பெரிதும் வழி. ஆகவே அவருடைய நடுவுநிலைமை இங்கே இன்றியமையாததாகிறது.

முதலில் அவர்களுக்கு உரிய பாராட்டைக் கூறிவிடுகிறேன். 1994இல் வந்த முதல் வார்கிராஃப்டில் ஓர்க்குகள் மாயவாயில் வழியே புகுந்த படையெடுப்பாளர் மட்டுமே. 2002இல் வந்த மூன்றாம் விளையாட்டில் நிலை மாறியது. அவர்களுடைய கொலைவெறிக்கு அரக்கரின் குருதியைப் பருகியது காரணம் எனக் காட்டப்பட்டது. தோற்றபின் மனிதர் அமைத்த முகாம்களில் அவர்கள் அடைபட்டுக் கிடந்த வரலாறு சொல்லப்பட்டது. அடிமையாக வளர்ந்த த்ரால் தன் மக்களைக் கடல் கடந்து புதுநிலத்துக்கு அழைத்துச் சென்றான். பகைவனுக்கு ஒரு வரலாறு கிடைத்தது.

குறை பின்னர்தான் தொடங்கியது. ஹோர்டின் தலைவன் கார்ரோஷ் 2012இல் தெரமோர் நகரை மாயவெடியால் அழித்தான். 2013இல் இரு தரப்பும் அவனை எதிர்த்துப் போரிட்டு வீழ்த்தின. 2018இல் ஹோர்டின் தலைவி சில்வானஸ், இரவு எல்ஃபுகள் வாழ்ந்த டெல்ட்ராசில் என்னும் பெருமரத்தை எரிக்க ஆணையிட்டாள். 2019இல் அவளும் தன் மக்களைக் கைவிட்டு நீங்கினாள். ஒரே அச்சில் இருமுறை வார்த்த கதை இது. பேரனின் சினம் இதன்மீதுதான்.

சில நாட்கள் கழித்து அவன் எதிர்த்தரப்பில் ஒரு பாத்திரத்தைத் தொடங்கினான். அங்கே மகிழ்ந்திருப்பான் என்று எண்ணினேன். "இங்கயும் அப்படித்தான் தாத்தா. எங்களுக்கு ஏதாவது நடந்துகிட்டே இருக்கு, நாங்க ஒன்னும் செய்யறதில்ல" என்றான். அப்போதுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. இரு தரப்பின் முறையீடும் முரண்பட்டவை அல்ல. ஒரே பிழையின் இரு முகங்கள். ஹோர்டுக்குச் செய்வினை, அலையன்ஸுக்குச் செயப்பாட்டுவினை. ஒரு தரப்பு எரித்தது. மறு தரப்பு எரிக்கப்பட்டது. செய்பவனைப் பழி சேர்கிறது. செயலற்றவனுக்குப் பழியும் இல்லை, பெருமையும் இல்லை.

அலையன்ஸ் தீங்கே செய்யவில்லையா? செய்ததுண்டு. 2010இல் வந்த கதைப்பகுதியில் டாரென்களின் டௌராஹோ முகாமை அது அழித்தது. ஆனால் பொதுமக்கள் தப்பிச் செல்லப் படைவரிசையில் ஓர் இடைவெளி விட்டதாகத் தளபதி ஹாதோர்ன் விளக்குகிறான். அவன் செயலோடு காரணமும் சேர்ந்து வருகிறது. டெல்ட்ராசிலுக்கோ, கைப்பற்ற வந்த மரத்தை எரிக்கச் சொன்னதற்கு அன்று காட்டப்பட்டது, மடியும் வீராங்கனை ஒருத்தியோடு நிகழ்ந்த சிறு உரையாடல் மட்டுமே. இறந்தோர் உலகின் ஆற்றலோடு சில்வானஸ் கொண்ட உடன்பாடு 2020இல் வந்த தொடர்ச்சியில்தான் விரிந்தது. அதுவரை ஹோர்டின் பிள்ளைகள் காரணம் அறியாத ஒரு வினையைச் சுமந்தார்கள்.

நம் இலக்கணத்தில் ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என இரு வகை உண்டு. கோயில் கட்டியவன் அரசன் என்றாலும் பொருந்தும். சிற்பி என்றாலும் பொருந்தும். சில்வானஸ் ஏவினாள். போரை நடத்தி அம்மரத்தின் அடிவரை வந்தவன் விளையாடுபவன். மறுத்து நிற்க அவனுக்கு அங்கே வழியில்லை. பின்னர், அவளை எதிர்த்த முதுவீரன் சார்ஃபாங்கின் பக்கம் நிற்கவா, அவள் பக்கம் நிற்கவா என்ற தேர்வு தரப்பட்டது. எதைத் தேர்ந்தாலும் கதையின் முடிவு ஒன்றே. தேர்வைத் தராமல் பழியைத் தருவதே இங்கு நான் காணும் அநீதி.

ஆசிரியர்கள் முயலவே இல்லை என்று கூற மாட்டேன். அந்நிகழ்வை அலையன்ஸ் பக்கமிருந்து கிறிஸ்டி கோல்டனும், ஹோர்ட் பக்கமிருந்து ராபர்ட் புரூக்ஸும் தனித்தனிச் சிறுநூல்களாக எழுதினர். சார்ஃபாங்கின் மனவேதனையை அங்கே விரிவாகக் காணலாம். அது நல்ல முயற்சி. ஆயினும் விளையாட்டோடு நின்றுவிடும் சிறுவனை அந்த நூல் சென்று சேர்வதில்லை.

சிலர் இருபுறமும் அழிந்த நகரங்களை எண்ணிச் சமன் செய்தால் போதும் என்பர். அது கணக்கு, நடுவுநிலைமை ஆகாது. ஒரு தரப்பு தவறு செய்ததாகவும் கதை சொல்லலாம். ஆனால் தவறியவனுக்குக் காரணமும், பாதிக்கப்பட்டவனுக்குச் செயலும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் குறைந்ததால், பேரனின் வழக்கில் நியாயம் உண்டு என்பதே என் தீர்ப்பு. அவனுடைய எதிர்த்தரப்பின் வழக்கிலும் அதே அளவு நியாயம் உண்டு.

ஆசிரியப் பெருமக்களே, ஒரு சிறு பயிற்சியை உங்களிடம் விட்டுச் செல்கிறேன். வகுப்பில் நடந்த ஒரு சண்டையை இரு தரப்பு மாணவரையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு எழுவாய்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். 'அவன் தள்ளினான்' என்பதும் 'கை பட்டுவிட்டது' என்பதும் அடுத்தடுத்து வரும். ஏடுகளை மாற்றிக் கொடுத்து, எதிரியின் வாக்கியத்தில் விடுபட்ட காரணத்தை எழுதச் சொல்லுங்கள். பல இனத்தார் சேர்ந்து வாழும் நாட்டில் வளரும் பிள்ளைக்கு இலக்கணம் தரக்கூடிய பயன்களுள் இது தலையாயது என நம்புகிறேன்.